நேர்ந்துவிட்ட கிடாவும் என் வலது கையும்

நான் ஆட்டுக்கறி சாப்பிடாதவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதியில் யாராவது, "நீ மட்டும் ரொம்ப யோக்கியமா?" என்று கேட்பீர்கள். ஆடி மாசம் எங்கள் ஊர் அம்மனுக்கு வெட்டுகிற கிடாவில் எலும்பு கடித்து வளர்ந்தவள்தான் நான். தலைக்கறி என்றால் இன்றைக்கும் ரெண்டு வாய் சோறு ஜாஸ்தியாகவே இறங்கும். அப்படிப்பட்டவள் ஒரு கிடாவை வெட்ட விடமாட்டேன் என்று அதே கோயில் வாசலில் மல்லுக்கு நின்றேன். ஏன் நின்றேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

சங்கராபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கால்மணி நேரம் எங்கள் ஊர். முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அளவு ஜாக்கெட் கேட்கமாட்டேன். ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தால் போதும், கை தானாக வெட்டிவிடும். அவ்வளவு திமிர் எனக்கு. நாற்பத்து நாலு வயசில், ஒரு தை மாசக் காலையில், கல்யாணத்துக்கு அவசரம் என்று கொடுத்துவிட்டுப் போன பட்டுத்துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் கோணிக்கொண்டு போனது. நேராக்கப் பார்த்தேன், கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "ஏய், இன்னா ஆச்சு உனக்கு" என்று என் கையையே திட்டினேன். திட்டினேன் என்றுதான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது ஏதோ ஒரு சத்தம். அதோடு நாற்காலியிலிருந்து சாய்ந்தேன்.

என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே வருவார். கிழங்கு மண் ஒட்டிய அதே வண்டியில் என்னைப் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பக்கவாதம் என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. ஆஸ்பத்திரிக்காரர்கள் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள், அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

கட்டிலின் இரண்டு பக்கமும் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும், அதாவது என் நாத்தனார், நின்றார்கள். நாத்தனார் சொல்லிக்கொடுக்க, இவர் மஞ்சள் துணியில் காசை முடிந்து வேண்டிக்கொண்டார்: "தாயே, இவ எழுந்து தன் கால்ல நடந்து உன் வாசலுக்கு வந்துட்டா, இவ கையாலயே ஒரு கெடாய இட்டாந்து உனக்குக் குடுத்துடுறேன்." எனக்குக் கண் திறந்துதான் இருந்தது, காதும் கேட்டது. 'உனக்குச் சம்மதமா' என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் தலையாட்டியிருப்பேன், பொய் சொல்லக்கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நரகம். சுவரோரம் கட்டிலைப் போட்டு என்னைக் கிடத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சாத்துக்குடியும் பரிதாபமும் கொண்டுவந்தார்கள். நான் "த" என்று ஆரம்பித்தால், "தண்ணியா? தலகாணியா? தலை வலிக்குதா?" என்று ஆளுக்கொன்று எடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது 'தள்ளிப் போ'. அதை முடிக்க ஒருத்தரும் நேரம் கொடுத்ததில்லை. பிசியோதெரபி பார்க்கிற சின்னப்பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்கச் சொல்லியிருந்தாள். இரண்டாம் நாளே இடது கையால் அதை வீசி எறிந்தேன். வீட்டுக்காரர் தினமும் எனக்குத் தலை வாரிவிடுவார். கோணல் வகிடு எடுத்துவிட்டு, "சூப்பரா இருக்கே" என்பார். அந்தக் கோணல் வகிட்டோடு படுத்துக்கொண்டு செத்துப்போனால் தேவலை என்று நினைப்பேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நினைத்தேன்.

மாசி மாசம் கிடாக்குட்டி வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுவதற்கு முதல் நாள் சந்தையில் வாங்கி இழுத்துக்கொண்டு போனால் அது வெறும் கறி. யாருக்காக வேண்டிக்கொண்டார்களோ அவர்கள் வீட்டில், அவர்கள் கண் எதிரில் வளர்ந்தால்தான் அது நேர்த்தி. நாத்தனார் இந்த விஷயத்தில் கண்டிப்பு. கரியாலூர்ப் பக்கம் கிழங்கு ஏற்றப் போனபோது வீட்டுக்காரர் ஒரு மலையாட்டுக் குட்டியை வாங்கிக் கிளீனர் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். கன்னங்கரேல் என்று, முழங்கால் உயரம்கூட இல்லை. நாத்தனார் அதன் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டச் சொன்னாள், இவர் கட்டினார். என் கழுத்திலும் மஞ்சள் கயிறு, கட்டினவரும் அதே ஆள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்தால் ஒரு பக்க வாய்தான் போனது. பேர் வைக்கக்கூடாது, வெட்டப்போகிற ஆடு என்றாள் நாத்தனார். அதனால் அதற்குப் பேர் இல்லை. நான் கூப்பிடுவது "டேய்".

கட்ட இடமில்லாமல் என் கட்டில் காலில் கட்டினார்கள். கட்டிலின் இடது பக்கம் சுவர், வலது பக்கம் அவன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, மத்தியானம் வீட்டில் யாருமில்லை. பயல் என் புடவைத் தலைப்பை மென்றுகொண்டிருந்தான். கல்யாண நாளுக்கு எடுத்த புடவை. 'ச்சூ' என்று விரட்டப் பார்த்தேன், வரவில்லை. கையை ஓங்கப் பார்த்தேன், வரவில்லை. அவன் மென்றுகொண்டே என் முகத்தைப் பார்த்தான். 'பாவம்' என்கிற பார்வை இல்லை. 'இன்னா இப்போ' என்கிற பார்வை. அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் வந்தது பாருங்கள், "எடு செருப்ப!" என்று முழுசாக, கணீர் என்று வந்துவிட்டது. இரண்டு மாசத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு அதுதான்.

அன்றிலிருந்து அவனைத் திட்டுவதுதான் எனக்கு வேலை. நான் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு தடுமாறினால் அவன் எடுத்துக் கொடுக்கமாட்டான். அவசரப்படவும் மாட்டான். அசைபோட்டுக்கொண்டு நிற்பான், நான் முடிக்கிறவரைக்கும். மனுஷர்கள் யாரும் தராத அவகாசம் அது. 'நாயே' என்று ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீளமான திட்டுகளுக்கு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அசிங்க அசிங்கமாகத் திட்டிக்கொண்டிருந்தேன், அந்த மனுஷன் பாட்டு கேட்பது போல நின்றார்.

கையும் அப்படித்தான். செத்த கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அவன் வந்து நாக்கால் நக்குவான், சொரசொரவென்று. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. அகத்திக்கீரைக் கொத்தை அந்த விரல்களுக்கு நடுவில் செருகி வைக்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்விடுவான். மறுநாள் மறுபடியும். 'இரு, உனக்கு அவ்ளோ சுலபமா குடுத்துடுவேனா' என்று விரலை இறுக்கப் பார்ப்பேன். முதலில் ஒரு கணம் தாங்கியது. பிறகு இரண்டு இலை அவன் வாயில், காம்பு என் கையில். பந்தை நூறு தடவை அமுக்கு என்றால் எனக்கு எரிச்சல். ஆட்டோடு சண்டை போடு என்றால் நாள் பூராவும் போடுவேன். என் சுபாவம் அது.

நான் நடந்ததும்கூட அவனால்தான். சுவரைப் பிடித்து நாலு அடி, கோலை ஊன்றிப் பத்து அடி என்று வந்ததும் அவன் கயிற்றை வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். மலையாடு, சமதரையில் நிற்கத் தெரியாது. மேடு கண்டால் ஏறும். ஒருநாள் கரையில் இழுத்த இழுப்பில் நான் குப்புற விழுந்தேன். கயிறு கழன்றுகொண்டது, அவன் பக்கத்து மல்லாட்டைக் கொல்லைக்குள் புகுந்து கடலைச் செடிகளை வேரோடு பிடுங்கித் தின்ன ஆரம்பித்தான். கொல்லைக்காரர் தூரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடிவருகிறார். விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவள், எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எழுந்து, போய், அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கோல் கரையிலேயே கிடந்தது.

இடையில் மாத்திரையை நிறுத்தவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்தவில்லை. ஆடு வளர்த்தால் போதும், டாக்டர் வேண்டாம் என்று என் பேரைச் சொல்லி யாராவது கிளம்பினால் உதைப்பேன். ஆனால் அந்தப் பிசியோதெரபி பெண் இரண்டு விரலை நீட்டி, "எங்க, புடிங்க அக்கா" என்று சொல்ல, நான் பிடித்த பிடியில் அவள் "ஆ!" என்று கத்தினாள். "பந்து வச்சா இப்படி வந்துச்சி?"

"பந்து கட்டிலுக்கு அடியில கெடக்குது. கெடாக்குட்டி மேய்க்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். வெளிநாட்டில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்களாம். குதிரைமேல் உட்கார வைத்து, நடக்க முடியாத பிள்ளைகளுக்கு இடுப்பை நிமிர்த்துவார்களாம். மிருகத்தின் பக்கத்தில் இருந்தால் படபடப்பு கம்மியாகும், எழுந்து நடக்கணும் என்று மனசு வரும், அதற்கென்று பயிற்சி கொடுத்த ஆட்களே இருக்கிறார்கள் என்றாள். "உங்களுது மட்டும் பயிற்சி இல்லாம வந்துச்சி அக்கா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பயல் படிக்காமலே டாக்டர்.

அவள் சங்கராபுரத்தில் வாராவாரம் எங்களைப் போன்றவர்களைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுப்பாள். அவனையும் இட்டுக்கொண்டு வரச் சொன்னாள். லைனிங் துணி வாங்கும் கடையின் பாய் அங்கே வருவார். அவருக்கு இடது கை விழுந்து ஒரு வருஷம், அதற்கப்புறம் கடைக்கே வரவில்லை, யாரோடும் பேசுவதில்லை. கிடா நேராகப் போய் அவர் மடியில் இருந்த வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டது. பாய் அதிர்ந்துபோய்ப் பார்த்துவிட்டு, தாடி குலுங்கச் சிரித்தார். அடுத்த வாரம் இரண்டு பழம் கொண்டுவந்தார், ஒன்றை அந்த இடது கையில் வைத்துக்கொண்டு. "ஜாஸ்தி திங்கிறான்மா உன் பையன்" என்றார். பக்கத்தில் யாரோ, பாயிடமிருந்து ஆட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று என்னைச் சீண்டினார்கள். "எங்க பண்டிகைக்கு நாங்க வேற பாத்துக்குறோம். அவங்க சாமிகிட்டேர்ந்து பத்திரமா இருந்தா சரி" என்றார் பாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முதல் ஆடியில் நான் கோல் இல்லாமல் நடக்காததால் நேர்த்தி தள்ளிப்போயிருந்தது, அடுத்த ஆடிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனி மாசக் கடைசியில் நாத்தனார் வந்தாள். கிடாவின் முதுகைத் தட்டிப்பார்த்துவிட்டு, "நல்லா தேறிட்டான். நீயும் தேறிட்ட. கூழ் ஊத்துற அன்னிக்கே முடிச்சிடலாம்" என்றாள்.

"முடியாது அண்ணி."

"இன்னாடி முடியாது?"

"இவன வெட்ட வுடமாட்டேன்."

அவள் முகத்தில் கோபத்தைவிட பயம்தான் ஜாஸ்தி இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். "வேண்டிக்கினு குடுக்காம வச்சிருந்தா சாமி குத்தம்டி. குடுத்த கைய அவ திருப்பி எடுத்துக்குவா. என் தம்பி மறுபடியும் பீ மூத்திரம் அள்ளணுமா?" என்று அழுதாள். அந்தக் கேள்வி நேராக என் மேல் வந்து விழுந்தது. எனக்கும் பயம்தான். நான் சாமி இல்லை என்று சொல்கிறவள் இல்லை. கட்டிலில் கிடந்த அந்த இரண்டு மாசம் மறுபடியும் வருமோ என்று ராத்திரியில் எழுந்து விரலை மடக்கி நிமிர்த்திப் பார்த்துக்கொள்வேன். ஆனால் அந்தப் பயத்துக்கு அவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு நான் எந்த முகத்தோடு இந்தக் கையைப் பார்ப்பது?

நாத்தனார் போனதும் வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். "கோயிலுக்குப் போவோம். நீ கோல் வச்சிக்கினு நொண்டு. கைய மடக்கி வச்சிக்கோ. இன்னும் சரியாவல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு நான் சொல்லிடுறேன். வருஷா வருஷம் அப்படியே ஓட்டிடலாம்." பாவம், அவர் ரொம்ப யோசித்துத்தான் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். "யோவ், ஒரு வருஷம் வுழுந்து எழுந்து நடந்துருக்கேன். அத்த ஒளிச்சி வக்கச் சொல்றியா? அவன் எனக்குக் குடுத்த நடைய அவனுக்கு முன்னாலயே இல்லன்னு நடிக்கவா? நான் நடந்துதான் போவேன். ஆத்தாவ நேருல பாத்தே சொல்வேன்." அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில், தலைக்கு ஊற்றிக்கொண்டு, கோல் இல்லாமல், கயிற்றை வலது கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். பாதி ஊர் வாசலுக்கு வந்து பார்த்தது. சில பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் கொடுக்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பம்பை முழங்கியது. பூசாரி கிடாவின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். ஆடு உடம்பை உதறித் துலுக்கினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். என் பயலுக்கு எங்கே தெரியும்? ஊற்றிய நிமிஷமே உச்சி முதல் வால் வரைக்கும் சிலுப்பிக்கொண்டு நின்றான். பெண்கள் குலவை போட்டார்கள்.

"உத்தரவு கெடச்சிடுச்சி. கயித்த வுடுமா" என்றார் பூசாரி.

நான் விடவில்லை. "பூசாரி, பச்சத்தண்ணி ஊத்தினா எந்த ஜீவனும் ஒதறத்தான் செய்யும். என் தலையில ஊத்துங்க, நானும் ஒதறுவேன். என்னை வெட்டிடுவீங்களா?"

பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். நாத்தனார் ஓடிவந்து சுற்றி நின்றவர்களிடம், "வாதம் வந்த கைங்க, பாவம், மடங்கினா நிமிராது. அவ வேணும்னு பண்ணல. நான் பிரிச்சி வுடுறேன்" என்று என் விரல்களை ஒவ்வொன்றாக நெம்பினாள். அவள் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். கூட்டத்திலும் 'ஆமா, பாவம்' என்று குரல் எழுந்தது. அந்த ஒரு வார்த்தைதான் என்னை உசுப்பிவிட்டது.

"இல்ல அண்ணி. கைக்கு ஒண்ணுமில்ல. தொறக்க முடியும். தொறக்க மாட்டேன்."

சொன்னால் போதாது என்று தோன்றியது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கையை உயர்த்தி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். கயிறு கீழே விழுந்தது. ஐந்து விரலும் நிமிர்ந்து நின்றன. பூசாரி குனிவதற்குள் வலது முழங்காலை மடக்கிக் குனிந்து கயிற்றை எடுத்து மறுபடியும் இறுக்கிக்கொண்டேன். பிறகு அம்மன் முகத்தைப் பார்த்தேன். பேச்சு தடுமாறவில்லை.

"ஆத்தா, இந்தக் கைய நீதான் குடுத்தேன்னு சொல்றாங்க. சரி, குடுத்தே. இவன வச்சித்தான் குடுத்தே. குடுத்த மருந்தையே கழுத்தறுத்துக் கேக்குறவளா நீ? வேண்டிக்கினது அவங்க. என்னைக் கேக்கல, இவனையும் கேக்கல. தண்டன எதுனா இருந்தா எனக்குக் குடு, இவன் மேல கை வக்காத."

பூசாரி மனசு மாறியெல்லாம் விடவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நாலு கிடாக்கள் நின்றன, நேரமாகிக்கொண்டிருந்தது. "உன் பாவம் உன்னோட. தள்ளிப் போம்மா" என்றார். அந்த நாலு கிடாக்களையும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவற்றுக்காக நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். நாத்தனார் மண்ணை வாரித் தூற்றினாள். "ஆறு மாசத்துல படுக்கையில வுழுவ பாரு" என்றாள். இன்றுவரை என் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் பத்தடி பின்னாலேயே வந்தார். ஏரிக்கரைத் திருப்பத்தில் வேகமாக நடந்து என் பக்கத்தில் வந்தார். பிறகு மெதுவாக, "ஏம்மே, அவ சொன்ன மாதிரி மறுபடியும் வுழுந்துட்டா இன்னா பண்ணுவே?" என்று கேட்டார்.

"இன்னா பண்றது? நீ கோண வகிடு எடுத்து வுடு. இவன கட்டில் கால்ல கட்டு. மறுபடியும் மொதல்லேர்ந்து நடப்பேன்."